நூலாசிரியரும் கண்டனமும்

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஓர் இளம் நூலாசிரியர் வந்திருந்தார். அவர் கையில் இருபது பக்கங்களுக்குக் குறையாத கட்டுரையொன்று இருந்தது. அவருடைய முதல் நாவல் வெளிவந்து மூன்று மாதங்களாகின்றன. அதைப் படித்த வாசகர் ஒருவர், நடை தளர்ந்தது, பாத்திரங்கள் மரப்பாவைகள், கொடுத்த காசு வீண் என்று இணையத்தில் எழுதி, ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றே ஒன்றை அளித்து விட்டாராம். அதன் கீழே அறுபது பேர் வந்து சேர்ந்துகொண்டு, நூலை விட்டுவிட்டு ஆசிரியரின் ஊரையும் உத்தியோகத்தையும் குடும்பத்தையும் பரிகசித்தார்களாம். அத்தனை பேருக்கும் வரிக்கு வரி மறுப்பு எழுதி வந்து, அதை நமது பத்திரிகையில் பிரசுரிக்க வேண்டுமென்று கேட்டார். சில இரவுகளாக அவர் உறங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாம் கட்டுரை முழுவதையும் படித்தோம், பிரசுரிக்க மறுத்தோம். மறுத்ததற்குரிய காரணங்களை அப்பொழுதே அவரிடம் கூறினோம். அவை அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியவை அல்ல என்று தோன்றுவதால் ஈண்டு எழுதலாயினோம்.

நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இவ்விஷயத்தில் முதற்கண் நினைவுக்கு வருவது 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம். அவதூறு குற்றமாகும் என்று கூறும் அதன் 499-ஆவது பிரிவு, குற்றமாகாதவை இவை என்று பத்து விலக்குகளையும் உடன் கூறிற்று. அவற்றுள் ஆறாவது விலக்கு நூலாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஒருவர் தமது படைப்பைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைத்தால், அப்படைப்பின் தகுதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு எவரும் அபிப்பிராயம் கூறலாம். ஆசிரியரின் குணத்தைப் பற்றியும், அது அப்படைப்பில் எவ்வளவு வெளிப்படுகிறதோ அவ்வளவுக்குக் கூறலாம். அதற்கு மேல் கூறலாகாது. புஸ்தகத்தை வெளியிடுகிறவன் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு ஒப்படைத்தவனே என்று சட்டமே விளக்கம் தருகிறது. 2024 ஜூலை முதல் தேதி பழைய சட்டத்தின் இடத்தில் வந்த பாரதீய நியாய சன்ஹிதையின் 356-ஆவது பிரிவிலும் இவ்விலக்கு அழியாமல் இருக்கின்றது.

சட்டம் தரும் உதாரணம் இன்னும் நுட்பமானது. ‘இந்நூல் மடமை நிறைந்தது, ஆகவே இதை எழுதியவர் பலவீனமான புத்தியுடையவர்’ என்று ஒருவன் சொன்னால் அவன் குற்றவாளியல்லன். ‘இவர் பலவீனரும் ஒழுக்கங் கெட்டவருமாதலால், இவர் நூல் இவ்வாறு இருப்பதில் ஆச்சரியமில்லை’ என்று சொன்னால் அவனுக்கு இவ்விலக்கு உதவாது. நூலிலிருந்து ஆசிரியரிடம் போவதற்கு வழி உண்டு; ஆசிரியரின் சொந்த வாழ்விலிருந்து நூலுக்கு வருவதற்கு வழி இல்லை. கண்டனத்தைக் கண்டு கலங்கும் ஆசிரியர், தம்மீது வந்தது எவ்வழியாக வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நம்மிடம் வந்த அன்பர் தமக்கு நேர்ந்த அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் வாசகர் தமது உரிமையைச் செலுத்தியவர். பின்னால் வந்த அறுபது பேரில் பலர் எல்லை கடந்தவர்கள். இருவகையினருக்கும் ஒரே விடை பொருந்துமா?

முதல்வகையினருக்கு ஆசிரியர் அளிக்கத்தக்க விடை மௌனமே என்பது நமது துணிபு. இது தமிழருக்குப் புதிதன்று. நூலை அவையில் அரங்கேற்றி, தடைகளைக் கேட்டு, அதன் பின்னரே உலகுக்கு விடுவது நமது முன்னோர் மரபு. இறைவனே இயற்றிய பாட்டானாலும் பிழை பிழையே என்று கூறிய புலவனின் கதையைப் பாராட்டி வளர்ந்தவர்கள் நாம். அரங்கேற்றத்தில் ஆசிரியர் எதிரே நின்று விடை கூறினாரே என்று கேட்கலாம். ஆம், அது நூல் வெளிப்படுமுன் நடந்த சபை; திருத்துவதற்குக் காலம் இருந்தது. இக்காலத்தில் அவ்விடத்தை நண்பர்களும் பதிப்பாசிரியரும் வகிக்கின்றனர். அச்சேறிக் கடைக்குப் போன பிறகு நூல் தானே தனக்காகப் பேச வேண்டும். ‘உமக்கு என் நூல் பிடித்திருக்கவே வேண்டும்’ என்று வாதித்து வென்ற ஆசிரியர் உலகில் எவருமிலர்.

வாதிக்கப் புகுந்தோர் அடைந்த பலனையும் பார்ப்போம். ஆங்கிலக் கவி பைரன் 1807-இல் வெளியிட்ட இளமைக்காலக் கவிதைத் தொகுதியை, மறு ஆண்டில் எடின்பரோ விமர்சனப் பத்திரிகை பெயரிடாமல் நையாண்டி செய்தது. பைரன் 1809-இல் அங்கதப் பாட்டு ஒன்றை எழுதி, அப்பத்திரிகையின் ஆசிரியரான ஜெப்ரியைக் கடுமையாகத் தாக்கினார். உண்மையில் அக்கண்டனத்தை எழுதியவர் ஜெப்ரி அல்லர். புரூஹம் என்னும் வக்கீல். கோபத்தில் எய்த அம்பு வேறொருவர் மேல் தைத்தது. பிற்காலத்தில் பைரனே அந்நூலுக்காக வருந்தி, அதன் ஐந்தாம் பதிப்பை வெளிவராமல் நிறுத்தினார். பெயரிலியாக எழுதுகிறவனைப் பெயர் கண்டுபிடித்துத் தண்டிக்கப் புறப்படுவோர் இதை நினைவில் வைப்பாராக.

அதே காலத்தவரான கீட்ஸின் நூலை 1818-இல் இரண்டு பத்திரிகைகள் குதறின. அக்கண்டனமே அவரைக் கொன்றது என்று ஷெல்லி முதலியோர் பரப்பிய கதை இன்றும் வழங்குகிறது. கீட்ஸ் 1821-இல் ரோமாபுரியில் இறந்தது க்ஷயரோகத்தால். கண்டனம் வெளிவந்த அந்த இலையுதிர் காலத்தில் அவர் எழுதிய கடிதமொன்றில், பிறர் கண்டனத்தைவிடத் தமது நூலைத் தாமே ஆராய்ந்து கண்ட குறைகளே தம்மை அதிகம் வருத்தின என்று தெரிவித்திருக்கிறார். மறு ஆண்டில்தான் அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பிறந்தன. அவர் எதிரிகளுக்கு அளித்த மறுமொழி அவையே.

வழக்காடியவர் கதை ஒன்றும் உண்டு. ஓவியர் விஸ்லரின் படமொன்றை ரஸ்கின் 1877-இல் இகழ்ந்து எழுதினார். விஸ்லர் ஆயிரம் பவுன் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1878-இல் ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர்; நஷ்டஈடாகக் கொடுத்தது ஒரு பார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்தது. மறு வருஷம் அவர் திவாலானார். சட்டப்படி வெல்வது வேறு, பெயர் காப்பாற்றப்படுவது வேறு என்பதை எம் தொழிலைச் சேர்ந்தோர் கட்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுதல் நலம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன் பின் தம்மீது வீசிய கண்டனப் புயலை அவரே தமது சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஏட்டுச் சுவடிகளுக்காக ஊர் ஊராக அலைந்தவரைப் பொறாமை கொண்டோர் துண்டுப் பிரசுரங்களால் தாக்கினர். ஐயரவர்கள் அதற்கெல்லாம் பதிலெழுதிக் காலத்தைக் கழித்திருப்பாரானால் நமக்கு நஷ்டம் எவ்வளவு! பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல் திருத்தங்களோடு வந்தது. தகவற் பிழையைச் சுட்டுகிறவர் எவராயினும், எத்தகைய குரலில் சுட்டினாலும், நூலாசிரியர் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும். பகைவன் காட்டினாலும் பிழை பிழைதான்.

இக்காலத்தில் அச்சகமும் ஆசிரியர் குழுவும் இன்றி, கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரும் விமர்சகர்களாகிவிட்டனர். இதை நாம் கேடு என்று கருதவில்லை. சில பத்திரிகைகளின் தயவில் நூல்கள் வாழ்ந்த காலம் போயிற்று. காசு கொடுத்து வாங்கியவன் வாய் திறக்கலாம். ஆனால் இந்தப் புதிய சபையில் ஆசிரியர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் வெட்கத்துக்குரியது. அமெரிக்க நாவலாசிரியை ஒருவர், தம் நூலை இகழ்ந்த வாசகியின் விலாசத்தைத் தேடிப்பிடித்து அவர் வீட்டு வாசல் வரையில் சென்றதைத் தாமே 2014-இல் பத்திரிகையில் எழுதினார். அந்நாட்டின் வேறோர் எழுத்தாளர், பொய்ப் பெயர்களில் கணக்குகள் தொடங்கி, சக ஆசிரியர்களின் நூல்களைத் தாழ்த்தியும் தமது நூலை உயர்த்தியும் எழுதியது 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. பதிப்பாளர் அவர் நூலைக் கைவிட்டார். சபை புதிதாயினும், அதில் பொய்ச் சாட்சி சொல்வது பழைய பாபமே.

நூல் வெளிவருமுன்னரே எழும் எதிர்ப்பு இன்னுமொரு சங்கடம். 2019 ஜனவரியில் சீனாவில் வளர்ந்த அமெரிக்க எழுத்தாளரான அமேலி வென் ஜாவோ, அடிமைத்தனத்தைச் சித்திரித்த விதம் தவறென்று இணையத்தில் கிளம்பிய கூக்குரலால் தமது முதல் நாவலை நிறுத்திவைத்தார். பின்னர் அதை மறுபடி ஆராய்ந்து, திருத்தி, அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டார். 2023 ஜூனில் எலிஸபெத் கில்பர்ட், ரஷ்யாவின் சைபீரியாவைக் களமாகக் கொண்ட தமது நாவலை, யுத்தத்தில் துயருறும் உக்ரேனிய வாசகர்கள் பலர் ஆட்சேபித்ததால், காலவரையறையின்றி நிறுத்தினார். அது வெளிவர இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஒற்றை நட்சத்திரமிட்ட நூற்றுக்கணக்கானோர் அதன் பக்கமொன்றையும் படித்திருக்க வழியில்லை. உக்ரேனியர் கொண்ட புண் உண்மையானது. அதை மதித்த ஆசிரியரின் இரக்கத்தை நாம் இகழோம். ஆயினும் படிக்காத நூலின் மேல் பிறந்த தீர்ப்புக்குப் பணிவது, நாளை வேறொருவருக்கும் அதே கதியை உண்டாக்கும். ஜாவோ செய்தது நமக்கு அதிகம் உகந்தது. அவர் நின்றார், கேட்டார், தம் மனச்சாட்சிப்படி திருத்தினார். பிறகு நூலை வாசகர் கையில் கொடுத்தார். உணர்ந்து திருத்துவது தோல்வியாகாது.

இதுகாறும் மௌனத்தைப் புகழ்ந்த நாம், மௌனத்தைப் புகழக் கூடாத இடமொன்றையும் சொல்லாவிடில் குற்றவாளிகளாவோம். பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. நூல் கொளுத்தப்பட்டது. நாவலின் சில பக்கங்கள் மாத்திரம் பிரதியெடுக்கப்பட்டு ஊரெங்கும் வழங்கப்பட்டன. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே உலகுக்கு அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அக்கூட்டத்து ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னார்கள். அவரும் எழுதினார்.

அந்தப் பதினெட்டு மாதங்களின் மௌனத்தைக் கண்ணியம் என்று எவரேனும் கூறுவரா? அது தாமாக மேற்கொண்ட மௌனமன்று. வாயைப் பொத்தியதால் வந்தது. பயமுறுத்தல் தொடங்கும் இடத்தில் விமர்சனம் முடிந்துவிடுகிறது. அங்கே ஆசிரியருக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை; அவர் தனியே நிற்கும்படி விட்டதே குற்றம். பதிப்பாளரும், சக எழுத்தாளரும், வக்கீல்களும், பத்திரிகைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்நூலைப் பிடிக்காத வாசகரும் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிடித்தவர் நிற்பதில் விசேஷமில்லை. ‘இந்நூல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆயினும் இவரை அச்சுறுத்தாதே’ என்று கூறும் ஒருவரின் சொல்லுக்கு ஆயிரம் பேரின் பாராட்டைவிட வலிமை அதிகம்.

பொதுவாழ்வில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய கூட்டங்களைச் சேர்க்கும் திறமை நமக்குத்தான் உண்டு. துண்டுப் பிரசுரமும் கோஷமும் ஊர்வலமும் நமது ஆயுதங்கள். அவற்றை ஒரு தனி மனிதன் மேல், அவன் நூலை முழுதும் படிக்காமல் பிரயோகிப்பது நமக்குத் தகாது. நாமும் சுத்தர்கள் அல்லேம். பல வருஷங்களுக்கு முன் நமது தலையங்கமொன்றைக் கண்டித்த ஒரு கிராமத்து உபாத்தியாயரின் கடிதத்துக்கு, அவர் கல்வியை எள்ளி ஒன்றரைப் பத்தி விடை எழுதினோம். அவர் சுட்டிய பிழை உண்மையென்று பின்னரே கண்டோம். திருத்தத்தைப் பிரசுரித்தோம், எள்ளியதைத் திரும்பப் பெற முடியவில்லை. அவர் மறுபடி நமக்கு எழுதவேயில்லை.

இதையும் அந்த இளம் ஆசிரியரிடம் சொன்னோம். எல்லை கடந்து குடும்பத்தை இழித்தவர்களின் வாசகங்களை எடுத்து வைத்துக்கொள்ளும்படியும், மிரட்டல் எதுவும் வந்தால் போலீஸாரிடமும் நம்மிடமும் தயங்காமல் வரும்படியும் கூறினோம். பாத்திரங்கள் மரப்பாவைகள் என்ற முதல் வாசகரைப் பற்றி மாத்திரம் ஒரு கேள்வி கேட்டோம்: “தம்பி, அவர் சொன்னதில் உண்மை உண்டா?” நெடுநேரம் பேசாமலிருந்து, “கதாநாயகியின் விஷயத்தில் கொஞ்சம் உண்டு, ஐயா” என்றார். இருபது பக்கக் கட்டுரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார். அடுத்த நாவல் வரும்போது நமக்கும் ஒரு பிரதி வரும் என்று நம்புகிறோம். அது பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுவோம்.