பெட்டியில் ஒரு பெயர், மருந்துக்கு ஒரு பெயர்

வானொலியில் ஒருவர் பெயரைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த நிமிடமே நேயர்கள் வாட்ஸ்அப்பில் திருத்திவிடுவார்கள். அம்மாவின் மருந்துப் பையில் இருந்த பெயர்க் குழப்பத்தைத்தான் மூன்று வாரமாக யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்தம். அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். ஒருநாள் தலைவலி என்று பக்கத்துத் தனியார் கிளினிக்கிற்குப் போனார். "பிரஷருக்கு ஏதோ வெள்ளை மாத்திரை சாப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னாராம். அங்கேயும் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா இரண்டையும் சாப்பிட்டார். கால் வீங்கியது, எழுந்தால் தலை சுற்றியது.

இரண்டையும் மருந்தகத்தில் காட்டினேன். மருந்தாளர் அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைக் காட்டினார். "ஆன்டி, ரெண்டுமே அம்லோடிபின்தான்."

"வேற வேற பேருதானேம்மா போட்டிருக்கு?" என்றார் அம்மா.

அன்றே டாக்டரைப் பார்த்தோம். ஒன்றை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மருந்துக்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. நிறுவனங்கள் வைக்கும் வணிகப் பெயர்களோ பல. பனடோல் வணிகப் பெயர், உள்ளே இருப்பது பாராசிட்டமோல். சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறும், கல்லீரலுக்கு ஆபத்து.

பொதுப்பெயர்களை உலக சுகாதார நிறுவனம் முறைப்படுத்துகிறது. முதல் பட்டியல் 1953இல் வந்தது. பெயரின் வால் குடும்பத்தைச் சொல்லும். 'டிபின்' என்று முடியும் அம்லோடிபினும் நிஃபெடிபினும் ஒரே குடும்பம். 'ஸ்டாட்டின்' என்று முடிந்தால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் மருந்து.

வேறு வேறு மருந்துக்கு ஒரே மாதிரிப் பெயர் அமைவதும் உண்டு. வயிற்று அமிலத்திற்கான லோசெக்கும், உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் லாசிக்ஸும் அமெரிக்காவில் குழப்பம் தந்தன. 1990இல் லோசெக்கின் பெயரை அங்கே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். 2016இல் மனச்சோர்வு மருந்தான பிரின்டெலிக்ஸ், டிரின்டெலிக்ஸ் ஆனது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதுதான் காரணம். இத்தகைய பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையும் உண்டு. நம் சுகாதார அமைச்சும் இதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான். பெற்றோர் சாப்பிடும் எல்லா மருந்தையும், பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி, படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். எந்த கிளினிக்கிற்குப் போனாலும் காட்டுங்கள். புது மருந்து வாங்கும்போது, "இதன் பொதுப்பெயர் என்ன, எதற்காக?" என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருந்தாளரையோ டாக்டரையோ கேளுங்கள்.

இப்போதெல்லாம் புது அட்டை கைக்கு வந்ததும் அம்மா எனக்குப் போன் போடுகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிறிய எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்.

"சரியா சொல்றேனா?" என்று கேட்பார்.

"சரியா இருக்கும்மா. இன்னொரு தடவை படிங்க" என்பேன்.