பாகுப் பதமும் பாட்டியின் கிண்ணமும்

மாணவர்களே, தீபாவளிக்குப் பலகாரம் சுடும் நாட்களில் உங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குடிப்பதற்கு வைத்த தண்ணீர் அல்ல அது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டுப் பார்ப்பார்கள்.

செங் வட்டாரத் தோட்டத்து வீட்டில் என் பாட்டி அப்படித்தான் பார்ப்பார். ஐப்பசி மாதம், பள்ளி விடுமுறை, பிற்பகலானால் இடியோடு மழை. பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். சொட்டு தண்ணீரில் விழுந்ததும் பாட்டி அதை விரலால் திரட்டுவார். கரைந்து ஓடினால் “இன்னும் கொஞ்சம்” என்பார். மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் அந்த நொடியே சட்டியை இறக்கிவிடுவார். கிண்ணத்தில் தட்டும்போது ‘டங்’ என்று கேட்டால் பாகு முற்றிவிட்டது; அது பொரி உருண்டைக்குத்தான் ஆகும். கடைசி இரண்டு நிமிடம் எங்களில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

இப்போது பாட்டிக்குக் கண்ணில் புரை. கையும் நடுங்குகிறது. இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டு அதிரசம் கடையில் வாங்கியதுதான். பாட்டியின் பதத்தை ஓர் எண்ணாக எழுதி வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் சுடலாமே என்று அறிவியல் ஆசிரியரான எனக்குத் தோன்றியது.

ஏன் எண்ணாக எழுத முடியும்? தூய நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் நீர் மூலக்கூறுகள் ஆவியாக வெளியேறுவது குறைகிறது. கூடுதல் வெப்பம் கொடுத்தால்தான் கரைசல் கொதிக்கும். இதைக் கொதிநிலை ஏற்றம் என்கிறோம். பாகு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரை அங்கேயே இருக்கிறது. எனவே செறிவு கூடுகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. பாதிக்குப் பாதி சர்க்கரை உள்ள பாகு ஏறக்குறைய 102 பாகையில் கொதிக்கும். 60 விழுக்காடு ஆனால் 103. ஆனால், 80 விழுக்காட்டில் 111, 90 விழுக்காட்டில் 123! முதலில் ஆமை போல நகரும் வெப்பநிலை கடைசியில் பாய்ந்து ஏறுகிறது. பாட்டி எங்களை வாய் மூடச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா? அந்த இரண்டு நிமிடத்தில் கவனம் தப்பினால் மெத்தென்ற உருண்டை கல்லாகிவிடும்.

வெள்ளைச் சர்க்கரைப் பாகு மெத்தென்று உருண்டையாகத் திரளும் நிலை 112 முதல் 116 பாகை வரை என்று சமையல் அறிவியல் நூல்களில் இருக்கிறது. நான் 115-ஐக் குறித்துக்கொண்டேன். பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் பெரும்பாலும் 110 பாகையோடு முடிந்துவிடும். மேலே போனால் கண்ணாடி உடையலாம். தவிர, இரசாயனங்களில் நனைந்த கருவியை உணவில் வைக்கவே கூடாது. சமையலுக்கென்று விற்கும் வெப்பமானி ஒன்றை வாங்கினேன்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்து மாவாக்கினோம். வெல்லத்தோடு குலா மலாக்காவும் சேர்த்தேன். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி எடுக்கும் நம் மலாக்காவின் வெல்லம் அது. பாட்டியும் வெல்லம் போதாதபோது அதைத்தான் போடுவார். வெப்பமானி 115 காட்டியதும் இறக்கினேன். மாவைக் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட்டேன்.

முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்து தூள் தூளாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. “பாகு இளசு ராசா” என்றார் பாட்டி. சட்டியை அவர் பார்க்கவில்லை. எண்ணெயில் விழுந்த சத்தத்தை வைத்தே சொன்னார். பாகில் தங்கிவிட்ட நீர், சூடான எண்ணெயில் குபுகுபுவென ஆவியாகி மாவைப் பிய்த்துவிடும்.

எண் சரி, வெப்பமானி சரி. பிறகு எங்கே பிழை? நூல் சொன்ன 115 வெள்ளைச் சர்க்கரைக்கு உரியது. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸ், புரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு உடைந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு புரக்டோஸும் கிடைக்கும். அதாவது, ஏறக்குறைய அதே எடையில் இரு மடங்கு மூலக்கூறுகள். கொதிநிலை ஏற்றம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே வெல்லப்பாகு 115-ஐத் தொடும்போது, அதே வெப்பநிலையில் உள்ள வெள்ளைச் சர்க்கரைப் பாகைவிட அதில் நீர் அதிகமாக இருக்கும். இந்தக் கலவையும் ஒவ்வொரு கட்டி வெல்லத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெப்பமானி செறிவை மறைமுகமாகத்தான் அளக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரோ, ஆறிய பாகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நேரடியாகவே காட்டிவிடுகிறது. நமக்குத் தேவையானதும் அதுதானே!

அந்தக் குளுக்கோஸையும் புரக்டோஸையும் குறை சொல்லிவிடாதீர்கள். சுக்ரோஸ் படிகமாவதை அவை தடுப்பதால்தான் அதிரசம் பல நாள் மெத்தென்று இருக்கிறது. எண்ணெயில் அவை அரிசி மாவிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிகின்றன. பலகாரத்தின் செம்பழுப்பு நிறமும் மணமும் பெரும்பாலும் அந்த வினையால் வருபவை. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் பெயரால் மயார் வினை என்கிறோம்.

அந்த மணம் மூக்கில் பட்டதும் எனக்குத் தோட்டத்து வீடும் மழையும் நினைவுக்கு வருவதற்கும் காரணம் உண்டு. பார்வை, ஒலி போன்ற புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்னும் நிலையத்தைக் கடந்தே மேற்பகுதிக்குப் போகின்றன. மணத்தின் செய்தி மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகளுக்கு நெருங்கிய வழியில் சென்றுவிடுகிறது. மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால் பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொண்டே சுடும். சொட்டு தண்ணீரில் ஆறிய பிறகே விரலை வையுங்கள். தவறிப் பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை தடவும் பழக்கம் வேண்டாம்.

அடுத்த வாரம் மீண்டும் காய்ச்சினோம். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொட்டையும் கிண்ணத்தோடு அவரிடம் கொடுத்தேன். மூன்று முறை தலையை ஆட்டி மறுத்தார். வெப்பமானி 115-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது சொட்டை விரலில் உருட்டியவர், கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, “நீயே தொட்டுப் பாரு” என்றார்.