காசிமேட்டிலிருந்து வீகோவுக்கு ஒரு சாவி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வைகறையிலே ஏலம் கூறுவோர் குரலைச் சற்று நின்று கேட்பவர், தமிழோடு தெலுங்கும் இடையிடையே ஒலிப்பதை உணர்வர். அந்த ‘ஏலம்’ என்னும் சொல்லோ போர்த்துகீசியர் பாஷையிலிருந்து வந்து நம்மிடம் தங்கிவிட்டது. சுந்தரரின் தேவாரத்தையும், தியாகராஜர் திரிபுரசுந்தரியின் மீது தெலுங்கில் இயற்றிய ஐந்து கீர்த்தனங்களையும் ஒருங்கே பெற்ற திருவொற்றியூரும், இராயபுரத்துப் படகோட்டிகள் எழுப்பிய இராயப்பர் ஆலயமும், ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் தொழிலாளர் நடமாடும் எண்ணூரும் அடுத்தடுத்து அமைந்த இப்பிரதேசத்து வாசிகளுக்கு, ஸ்பெயின் தேசத்தில் பல மொழிகள் வழங்குவது வியப்பாயிராது.

ஸ்பானியம் என்று உலகம் அழைப்பதை அங்கே காஸ்டிலியம் என்றும் சொல்வர். 1978-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் அதனைத் தேசம் முழுமைக்கும் உத்தியோக மொழியாக்கி, ஏனையவற்றுக்கும் தத்தம் பிரதேசங்களில் அந்த அந்தஸ்துக்கு வழிவிட்டது. ஆகவே, வெளியே செல்லும் வழி ஸ்பானியத்தில் ‘சலீதா’. பார்சலோனாவின் கதலான் மொழியில் ‘சொர்த்திதா’. பில்பாவோவின் பாஸ்க் மொழியிலோ ‘இர்தேரா’. அந்தப் பாஸ்க் மொழிக்கு உலகில் உறவு மொழியே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ‘எஸ்கெர்ரிக் அஸ்கோ’ என்று அதில் நன்றி சொல்லக் கற்றாலே யாத்திரிகனுக்குப் போதும்.

ஆயினும் இராயபுரத்தார் முதலில் காண வேண்டியது, வடமேற்கு மூலையில் கலீசியாவிலுள்ள வீகோ நகரத்தையே என்பேன். ஐரோப்பாவின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாகிய அங்கே, மீன் வாடையே பாதி வழிகாட்டிவிடும். மீதியைச் சொற்கள் செய்யும். கலீசியமும் போர்த்துகீசியமும் இடைக்காலத்தில் ஒரே மொழியாயிருந்து பிரிந்தவை. அதனால், நாம் போர்த்துகீசியரிடம் பெற்ற ஜன்னலும் சாவியும் மேசையும் அங்கே ‘ஷனேலா’, ‘சாவே’, ‘மேசா’ என்று எதிர்ப்படுகின்றன. ஸ்பானியத்தில் மேசை மட்டுமே நிலைக்கிறது. ஜன்னல் ‘வெந்தானா’வாகவும், சாவி ‘யாவே’யாகவும் மாறிவிடுகின்றன.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ‘பச்சை’ என்பதில் வல்லென்று ஒலிக்கும் சகரம், சாவிக்குரிய போர்த்துகீசியச் சொல்லின் முதலில் அன்று இருந்தது. இன்றைய லிஸ்பன் வாசிகள் அதை ‘ஷ’ என்று மெலித்துவிட்டனர், நாமும் பேச்சில் ‘ஸாவி’ ஆக்கிவிட்டோம். கலீசியர் அந்தப் பழைய ஒலியைக் காத்துவருகிறார்கள்; நம் பக்கத்துத் தெருவில் உருது பேசுவோரின் ‘சாபி’யிலும் அதே ஒலி பிழைத்திருக்கிறது.

வீகோவில் விடுதிக்காரரிடம் முதலில் ‘போஸ் தியஸ்’ என்று கலீசியத்திலேயே வந்தனம் கூறிப் பின்னர் அறையின் சாவேயைக் கேளுங்கள். சில விடுதிகளில் கைக்கு வருவது பிளாஸ்டிக் அட்டையாயிருக்கலாம். அதற்குப் போர்த்துகீசியர் நமக்குப் பெயர் வைத்துவிட்டுப் போகவில்லை.