துரை கொடுத்த தட்டுகள்

கல்கத்தாவில் வளர்ந்த நம்மவர் வீடுகளில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் யாரும் தொடக்கூடாத சாமான் ஒன்றும் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பீங்கான் டின்னர் செட். டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அப்பா கணக்கர். 1966-இல் அவருடைய துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, பன்னிரண்டு பேர் சாப்பிடக்கூடிய அந்தச் செட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எவர்சில்வர் தட்டில் ரசம் சாதம் சாப்பிடுகிற குடும்பத்துக்கு சூப் கிண்ணம் எதற்கு என்று துரையும் யோசிக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் அது வெளியே வந்தது. 1971-இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜியை அதில்தான் வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பிள்ளையின் பெரியப்பா காலித் தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். 'போன் சைனா' என்று அச்சடித்திருந்தது. "எலும்பா?" என்றார். அவ்வளவுதான், அந்த இடம் தட்டிப்போயிற்று. அம்மா அன்றே அலமாரியைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட்டாள். அக்காவுக்குப் பிறகு நல்ல இடமே அமைந்தது. ஆனாலும் அந்தத் தட்டுகளைப் பார்த்தால் அவள் முகம் மாறும்.

அம்மா காலமானபின் அவளுடைய நாலு பவுன் வளையல்கள் அக்காவுக்கு, பீங்கான் எனக்கு என்று பேசிக்கொண்டோம். மூன்று வருடம் முன்பு யாரோ அக்காவிடம், பழைய இங்கிலீஷ் பீங்கான் லட்சக்கணக்கில் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து அரைமணி நேரம் பேசுகிறவள் இரண்டு நிமிஷத்தில் போனை வைக்க ஆரம்பித்தாள். உண்மை விலையைத் தெரிந்துகொண்டு பாதியைக் கொடுத்துவிடலாம் என்று, போன மார்கழியில் ஒரு தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரஸ்ஸல் தெருவுக்குப் போனேன். ஒரு காலத்தில் அங்கே ஏலக்கடைகள் வரிசையாக இருந்தன.

கடைப் பெரியவர் முதலில் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பின்னால் வைத்த விரல்களின் நிழல் தெரிந்தது. எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானுக்கு அதுதான் அடையாளமாம். 1790-களில் ஸ்போட் என்ற ஆங்கிலேயக் குயவர் பக்குவப்படுத்திய முறை. மாட்டெலும்புச் சாம்பலே ஏறக்குறைய பாதி இருக்கும். ஆக, அந்தப் பெரியப்பா சொன்னது சரிதான்! பிறகு விரலால் சுண்டினார். மணி மாதிரி கணீரென்றது. விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக இருக்குமாம். கடைசியாக முத்திரை. அமெரிக்காவின் 1890-ஆம் வருடச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தச் சாமான்களில் நாட்டின் பெயர் வழக்கமாக வர ஆரம்பித்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. எங்களுடையது அதுதான்.

"பொன் விளிம்பு தேயவே இல்லையே, கத்திக் கீறலும் இல்லை" என்று ஆச்சரியப்பட்டார். எப்படித் தேயும்? செட் முழுசாக இருக்கிறதா என்று கேட்டார். வீடு மாறும்போது நாலு தட்டு உடைந்தது, சூப் பாத்திரத்துக்கு மூடி இல்லை என்றேன். இன்ஷூரன்ஸுக்கு எழுதும் விலை ஒன்று, கடைக்காரர் விற்கும் விலை ஒன்று, வீட்டுக்காரர் கைக்கு வரும் விலை ஒன்று என்று மூன்று உண்டாம். கைக்கு வருவது பதினாலாயிரம் ரூபாய். பொன் விளிம்பு இருந்தால் மைக்ரோவேவில் வைக்க முடியாது, சின்ன ஃபிளாட்டுகளில் இதற்கு இடமும் இல்லை. அதனால் கேட்பாரில்லை என்றார். துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வரும்போதுதான் புதுக் கவலை. பதினாலாயிரம் என்று சொன்னால், நாலு பவுன் வளையலைச் சொல்லிக்காட்டுகிற மாதிரி ஆகாதா? தங்கம் இன்று விற்கிற விலை யாருக்குத் தெரியாது? இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் சீட்டை அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே ஏழாயிரம் அனுப்புகிறேன் என்று எழுதினேன்.

ராத்திரி போன் வந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கீறலே இல்லேன்னாரா?"

"ஒண்ணுகூட இல்லை."

"காசு வேண்டாம்டி. ஆறு தட்டு கொண்டு வா."

"அக்கா, மாட்டெலும்புச் சாம்பல். பாதிக்குப் பாதி."

"அம்மாவே போயாச்சு, இனிமே யாரு கேக்கப்போறா? எனக்கு அதுல சொஜ்ஜி சாப்பிடணும்."

பழைய வர்ணப் பீங்கானில் ஈயம் கலந்திருக்கலாம், புளி, எலுமிச்சை சேர்ந்ததை வைக்க வேண்டாம் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். அதையும் சொன்னேன். "சொஜ்ஜியில ஏதுடி புளி?" என்றாள்.

முன்பதிவு செய்துவிட்டேன். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவைத்து அடுக்கினால்தான் ரயிலில் உடையாதாம். அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று இருக்கிறது, சுற்றுவதற்கு.