கொலைகாரனைக் காட்டிக் கொடுத்த திருச்சி சுருட்டு!

திருச்சி:
லண்டனில் ஆளில்லாத வீடு. உள்ளே ஒரு பிணம். தரையில் கொஞ்சம் சாம்பல். அதை அள்ளிப் பார்த்தார், துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸ். சாம்பல் கருநிறம், செதில் செதிலாக இருந்தது. கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று அடித்துச் சொல்லிவிட்டார்!

இது 1887-ல் வெளியான கானன் டாயிலின் கதை. ஆனால் சுருட்டு கற்பனை அல்ல. திருச்சி உறையூரில் கையால் சுருட்டியது, கப்பலேறி சீமைக்குப் போனது. நம்ம ‘சுருட்டு’தான் வெள்ளைக்காரன் வாயில் ‘செரூட்’ ஆனது.

தரம் பார்ப்பது எப்படி?

விஷயம் தெரிந்தவர் உடனே பற்ற வைக்க மாட்டார். நுனி முதல் அடி வரை விரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பார். ரொம்பக் கெட்டியா? இழுத்தாலும் புகை வராது. தொளதொளப்பா? சீக்கிரம் எரிந்து, வாயைக் காந்தும். மேல் இலையில் கிழிசல் கூடாது. பிறகு மோந்து பார்ப்பார். பற்ற வைத்தால் ஒரு பக்கமாக எரியாமல், சுற்றிலும் சீராக எரியணும்.

“புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே, என்ன ஆகிவிடும்?” என்பவர்கள் உண்டு. வாயில், தொண்டையில் புற்றுநோய் வர அந்தப் புகையே போதும்.

கதையில் சுருட்டு வெறும் சாட்சி. நிஜத்தில் அதுவே கொலைகாரன்!