கோல் வாங்கும் முன் மெத்தை வாங்குங்கள்

மார்ச் 4 அன்று ஓசூர் சிப்காட் பக்கம் போனால் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் கொடி பறக்கும். 1966-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்ட நாள் அது. 1972 முதல் தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, ‘விபத்தில்லா நாட்கள்’ எண்ணிக்கை எழுதிய பலகை என்று ஒரு வாரம் அமர்க்களப்படும். நிர்வாகத்தைக் குறை சொல்லும் தொழிலாளர்கள்கூட இந்த விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: பெரிய ஆலைகளில் ஏணியில் ஏறி ஒரு விளக்கை மாற்றுவதற்கும் ‘பெர்மிட்’ வேண்டும், இடுப்பில் பெல்ட் வேண்டும், கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும். விழுந்துவிடக்கூடிய உயரத்தில் வேலை செய்கிறவருக்குத் தடுப்போ வேறு ஏற்பாடோ செய்தாக வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவே சொல்லியிருந்தது.

அந்த ஆலைத் தொழிலாளியின் பிள்ளை பள்ளி மைதானத்தில் ஒரு கோலை ஊன்றி, மூன்று மீட்டர் உயரத்துக்குத் தலைகீழாக எழும்பும்போது கீழே என்ன இருக்கிறது? அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கோலூன்றித் தாண்டுதல், அதாவது ‘போல் வால்ட்’, தடகளப் போட்டிகளிலேயே வினோதமானது. முழு வேகத்தில் ஓடிவந்து, கையில் இருக்கும் கோலைத் தரையில் பதித்த ஒரு பெட்டிக்குள் குத்தி, அது வளைந்து நிமிரும் விசையில் மேலே போய், கால் மேலே தலை கீழே என்று திரும்பி, கம்பியைத் தாண்டி முதுகு படும்படி விழ வேண்டும். உலக சாதனை வைத்திருக்கும் சுவீடனின் டுப்ளான்டிஸ் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டினார். கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம். ஆனால் உயரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது இரண்டு இடங்களைப் பார்த்துத்தான்: மெத்தையின் ஓரம், மெத்தைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெட்டி.

முதலில் மெத்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மைதானம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். உயரம் தாண்டுதலுக்கு வாங்கிய இரண்டு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நீல ரெக்சின் உறை தையல் விட்டுப் பிரிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மழையில் ஊறிக் காய்ந்து கட்டிதட்டிப் போயிருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இரண்டு மெத்தைக்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி. மெத்தை முடிந்த இடத்தில் சரளைக் கல். கம்பியைத் தாங்கும் ஸ்டாண்டின் இரும்புக் கால் மேல் ஒரு சாக்குகூட இல்லை. பையன்கள் உற்சாகமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சர்வதேச விதிப்படி, சாதாரணப் போட்டிக்கே பெட்டிக்குப் பின்னால் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் மெத்தை இருக்க வேண்டும். ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளுக்கு 6-க்கு 6, உயரம் 80 சென்டிமீட்டர். பெட்டியின் இரண்டு பக்கமும் ஓடுகளத்தை நோக்கி நீளும் முன்துண்டுகள் தனி. ஸ்டாண்டின் அடிப்பாகத்துக்கும் உறை போட வேண்டும். இதெல்லாம் யாரோ அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய அளவுகள் அல்ல. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

அமெரிக்காவில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாரி போடன் என்ற மருத்துவரும் அவரது குழுவும் 1982 முதல் 1998 வரை பள்ளி, கல்லூரி மைதானங்களில் நடந்த கடுமையான கோலூன்றித் தாண்டுதல் விபத்துகளைத் தொகுத்தார்கள். 32 பேர். அதில் 16 பேர் இறந்துவிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மெத்தையின் பக்கவாட்டிலோ பின்னாலோ விழுந்தவர்கள். அதாவது, மெத்தை இருந்தது, போதவில்லை.

பிறகு 2002 வந்தது. பிப்ரவரி 23 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில், பென் ஸ்டேட் மாணவர் கெவின் டேர் தலைகீழாக வந்து அந்தப் பெட்டிக்குள் விழுந்து இறந்தார். வயது 19. அந்த ஒரே பருவத்தில் இன்னும் இரண்டு பள்ளி மாணவர்களும் இதே விளையாட்டில் உயிரிழந்தார்கள். நாடு அதிர்ந்தது. போட்டியையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. நிறுத்தவில்லை, மெத்தையைப் பெரிதாக்கினார்கள். 2003 முதல் பெட்டிக்குப் பின்னால் மெத்தை சுமார் 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்துக்குக் குறையக் கூடாது என்று கட்டாயமானது. கம்பி நிற்கும் இடத்தையும் பெட்டியிலிருந்து மெத்தைப் பக்கம் தள்ளிவைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் தாண்டுகிறவர் மெத்தையின் நடுவில் விழுவார்.

போடன் குழு 2003 முதல் 2011 வரை மறுபடி கணக்கெடுத்தது. கடும் விபத்துகள் 19. இறந்தவர் ஒருவர். முன்பு ஆண்டுக்கு ஒருவர் என்று போன உயிர், ஒன்பது ஆண்டுக்கு ஒன்று என்று குறைந்திருந்தது. இதற்கு மேல் ஒரு மெத்தைக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால் அந்த 19-ல் 11 விபத்துகள் பெட்டியிலும் அதைச் சுற்றியும் நடந்தவை. ஓரத்தை மூடியதும் ஆபத்து பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டி என்பது தரைமட்டத்துக்குப் பதித்த ஒரு சரிவுத் தொட்டி. நீளம் ஒரு மீட்டர். கோல் நுழையும் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலம். கோல் முட்டி நிற்கும் பின்பக்கம் 15 சென்டிமீட்டர்தான். பின்பக்க ஆழம் 20 சென்டிமீட்டர். கோல் அசைய இடம் வேண்டும் என்பதால் அங்கே மெத்தை போட முடியாது. தாண்டுகிறவர் கோலை மிக உயரமாகப் பிடித்துவிட்டால், ஓட்டத்தில் வேகம் குறைந்தால், தன் எடைக்கு மீறிய விறைப்பான கோலை எடுத்தால், கால் தவறான இடத்தில் எழும்பினால், கோல் நிமிராது. பாதி வழியில் நின்று, போன வழியே அவரைத் திருப்பி அனுப்பும். நாலு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். பாகலூர் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய்ச் சுவரில் மோதுவது போலத்தான்.

ஆஸ்திரிய சாதனை வீராங்கனை கீரா குரூன்பெர்க் 2015 ஜூலை 30 அன்று இன்ஸ்பிரக் நகரில் பயிற்சியின்போது இப்படித்தான் திரும்பி வந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது; அன்றிலிருந்து சக்கர நாற்காலி. 2017-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அவர் கத்துக்குட்டி அல்ல, சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். நல்ல மைதானம், நல்ல மெத்தை எல்லாம் இருந்தும் நடந்தது இது.

இதற்குத்தான் ‘பாக்ஸ் காலர்’ என்று ஒன்று வந்தது. பெட்டியின் மூன்று விளிம்புகளையும் சுற்றி அணைத்தபடி, கோல் வளைய வழிவிட்டு வைக்கும் தடித்த ஃபோம் பட்டை. அமெரிக்கப் பள்ளிகளில் 2014 முதல் இது கட்டாயம். மெத்தை விலையோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. ஹெல்மெட்? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டோபி ஸ்டீவன்சன் ஹெல்மெட் போட்டுக்கொண்டே தாண்டி வெள்ளி வாங்கினார். மண்டை உடையாமல் அது காக்கும். கழுத்து முறிவதைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் போட்டால் நல்லதுதான். மெத்தைக்குப் பதிலாக ஹெல்மெட் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கோல் உடைவதுதான் பார்க்கிறவர்களைப் பதறவைக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கியூபாவின் லாசரோ போர்கெஸ் ஊன்றிய கோல் மூன்று துண்டாகத் தெறித்தது. அவர் நல்லபடி எழுந்து போனார். கண்ணாடி இழைக் கோலில் ஒரு சிறு கீறல், ஸ்பைக் ஷூ மிதித்த ஒரு தடம் போதும், வளையும்போது அங்கேதான் விரிசல் விடும். ஒவ்வொரு கோலிலும் அது எத்தனை எடை உள்ளவருக்கானது என்று அச்சடித்திருப்பார்கள். நம் ஊரில் ஒரு கோல் இருந்தால், நாற்பது கிலோ பையனுக்கும் அறுபது கிலோ பையனுக்கும் அதே கோல்தான். அதையும் பேருந்துக் கூரையில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். தேசிய சாதனை படைத்த தேவ் மீனாவையே, கோலோடு பயணம் செய்ததற்காகப் பன்வேல் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள் என்று 2026 ஜனவரியில் செய்தி வந்தது. பள்ளி மாணவனை எந்த நடத்துநர் மதிப்பார்?

‘நம் பக்கம் இப்படி விபத்து நடந்ததாகத் தெரியவில்லையே’ என்று சிலர் சொல்வார்கள். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். மாநில இளையோர் தடகளப் போட்டியில் ஈட்டி எறிதலையும் சங்கிலிக் குண்டு எறிதலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். ஈட்டி பொறுக்கப் போன தன்னார்வலர், ஒரு பள்ளி மாணவர், குண்டு தலையில் பட்டு 17 நாள் போராடி இறந்தார். அதற்கு முந்தின நாள் வரை அங்கேயும் ‘இப்படி நடந்ததாகத் தெரியவில்லை’ என்றுதான் இருந்திருப்பார்கள்.

நம் மாவட்டத்துக்குப் பாதுகாப்பு விதிகள் புதிதல்ல. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்தார்கள். கல்வீச்சு வரை போனது. மறியலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எருது விடுவதற்கு ஆட்சியர் அனுமதி, தடுப்பு வேலி, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் என்று அரசு பட்டியல் போட்டுக் கேட்கிறதே, அதில் பாதியைப் பள்ளி மைதானத்துக்குக் கேட்டால் என்ன?

இந்த விளையாட்டை ஒழித்துக்கட்டச் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த போட்டி இது. வி.எஸ். சுரேகா 2014-ல் தாண்டிய 4.15 மீட்டர் எட்டு ஆண்டு தேசிய சாதனையாக நின்றது. அதை உடைத்ததும் தமிழ்ப் பெண்தான்: 2022 காந்திநகர் தேசிய விளையாட்டில் ரோசி மீனா பால்ராஜ், 4.20. அதே போட்டியில் சிவா சுப்பிரமணியம் 5.31 மீட்டர் தாண்டி ஆண்கள் சாதனையைப் புதுப்பித்தார். இவர்களைப் பார்த்துக் கோல் எடுக்கும் பிள்ளைகள் கிருஷ்ணகிரியிலும் இருப்பார்கள். ஓசூர்ப் பிள்ளைக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு கண்டீரவா அரங்கம் இருக்கிறதே என்பீர்கள். அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் போய்வந்து எந்தப் பிள்ளை பழகும்?

பணம் இல்லை என்பது மட்டும் இந்த ஊரில் செல்லாது. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. பென்சில் டப்பாவும் குடிநீர் எந்திரமும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஓசூர் ஆலைகள், மாவட்டத்தில் ஒரே ஒரு மைதானத்துக்கு முழு அளவு மெத்தை, பாக்ஸ் காலர், எடைவாரியாகக் கோல்கள், மழைக்கு ஒரு கூரை என்று சேர்ந்து செய்யலாம். ஒரு பாதுகாப்பு அதிகாரியை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பி அதைச் சோதித்தும் தரலாம்.

அதுவரை விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மெத்தை சரியில்லை என்றால் போட்டியை நடத்தாதீர்கள். மேலிடத்திலிருந்து யார் சொன்னாலும் சரி. பெற்றோர்களே, பிள்ளை போல் வால்ட்டில் பெயர் கொடுத்திருக்கிறது என்றால் ஒரு நாள் மைதானத்துக்குப் போய் அந்த மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். குழி எழும்பவில்லை என்றால் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.