மானியம் யார் பெயரில் வருகிறது?

சர்க்கார் ஓர் உதவித் தொகையை அறிவித்தவுடன், அது எத்தனை ரூபாய் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். அத்தொகை யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது அதனினும் முக்கியமான கேள்வியாகும். பருத்தி விளைவிப்போரும் பருத்தி நூல் நெய்வோருமாகிய நம் அங்கத்தினர்கள் அறியத்தக்க அமெரிக்க வரலாறு ஒன்று இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலத்தின் உட்பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். அர்க்கன்ஸாஸ் மாநிலத்தின் பாயின்செட் கவுண்டி, பருத்தி விளையும் நாட்டுப்புறமாகும். அங்கே நிலமற்ற வாரதாரர் பலர், நிலச் சொந்தக்காரரின் ஏரையும் கால்நடையையும் கொண்டு உழுது, விளைவில் ஏறத்தாழப் பாதியைப் பெற்று வாழ்ந்தனர்.

1929-இல் ராத்தல் சுமார் 17 செண்டுக்கு விற்ற பருத்தி, 1932-இல் 7 செண்டுக்கும் கீழே இறங்கியது. (ஒரு டாலருக்கு 100 செண்ட்.) விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் எனக் கருதிய அந்நாட்டு அரசாங்கம், 1933 மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றியது. சாகுபடியைக் குறைப்போருக்குப் பணம் தருவதே அதன் ஏற்பாடு. அவ்வாண்டு சுமார் ஒரு கோடி ஏக்கரில் நின்ற பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. இதற்கான நிதி, ஆலைகள் பயன்படுத்திய பஞ்சின்மீது ராத்தலுக்கு 4.2 செண்ட் வரி விதித்துத் திரட்டப்பட்டது.

பணம் பங்கிடப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். 1934-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, தரிசாக விட்ட நிலத்திற்கு வாடகையாக ராத்தலுக்கு 3½ செண்டும், விலை ஈட்டுத் தொகையாக 1 செண்டும் கணக்கிடப்பட்டன. வாடகை நிலத்திற்கு உரியது என்பதால் அது முழுவதும் சொந்தக்காரருக்கே சென்றது. ஈட்டுத் தொகையில் மட்டுமே வாரதாரருக்குப் பாதி. ஆகவே 200 ராத்தலுக்குக் கிடைத்த 9 டாலரில் சொந்தக்காரர் பங்கு 8. வாரதாரர் பங்கு 1. அந்த ஒரு டாலரும் சொந்தக்காரர் கைவழியாகவே வரவேண்டியிருந்தது.

தரிசு நிலத்திற்கு உழுவோர் தேவையில்லை. வாரதாரரைக் "கூடுமானவரை" வைத்துக்கொள்ள வேண்டும் என்றே ஒப்பந்தம் கூறிற்று. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முறையிடச் சென்றாலோ, உள்ளூர்க் குழுக்களில் நிலச் சொந்தக்காரரின் செல்வாக்கே மேலோங்கி நின்றது.

1934 ஜூலையில் அக்கவுண்டியின் டைரோன்ஸா என்னும் ஊரில், வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே கூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை நிறுவினர். அவர்கள் அடியையும் மிரட்டலையும் தாங்கினர். குடியிருந்த வாரதாரரையே தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் எனப் பொருள் கூறிய சட்ட அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர். எனினும் அம்முயற்சி வீண் போகவில்லை. 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்தபின், அதே ஆண்டில் வந்த புதிய சட்டம், உழைப்போருடன் தொகையைப் பங்கிடச் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தியது.

நம் சங்கங்களுக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள் உண்டு. எந்த மானியமாயினும் பயனாளிகளின் பட்டியலைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள். "கூடுமானவரை" போன்ற சொற்களுக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். முறையீட்டை விசாரிக்கும் குழுவில் உழுபவரும் நெய்பவரும் இடம்பெறப் பாருங்கள். தொகை சிறிதாயினும், உழைத்தவர் கையில் நேரே சேருமாயின் அதுவே உண்மையான உதவியாகும்.